தாளம் தப்பும் நெஞ்சு

நாம் உறங்கும்பொழுதும் உறங்காதது ஒன்று நம்முள்ளே உண்டு. தாயின் கருவிலே உடல் உருப்பெறத் தொடங்கி ஏறத்தாழ இருபத்திரண்டாம் நாளிலே அது தன் தொழிலைத் தொடங்குகின்றது. இறுதி மூச்சு வரை அதனை விடுவதில்லை. நிமிடத்திற்கு 72 முறை எனக் கொண்டால் நாளொன்றுக்கு 103,680 முறை. ஓராண்டிற்கு மூன்று கோடியே எழுபத்தெட்டு இலட்சம் முறைக்கும் மேல். இத்துணைப் பெருந்தொழிலை ஆற்றும் இதயத்தை நாம் நினைத்துப் பார்ப்பதேயில்லை. நம்மை நினையாதிருக்கச் செய்வதுதான் அதன் சிறப்பு. நன்றாக நடக்கும் இல்லத்திலே அடுக்களையின் ஓசை விருந்தினரின் காதில் விழுவதில்லையன்றோ?

அந்த இதயம் தாளம் தப்பினால் என்ன ஆகும்? "நெஞ்சு படபடக்கின்றது" என்றும், "நெஞ்சு ஒருதரம் நின்று அடிக்கின்றது" என்றும் கூறுவோர் நம் குடும்பங்களிலே பலர். அவர்களிற் சிலர் வீணே அஞ்சுகின்றனர். வேறு சிலரோ அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாதிருக்கின்றனர். இவ்விரு நிலைகளையும் என் வீட்டிலேயே கண்டவன் நான். வைத்தியர் கூற வேண்டியதை ஆசிரியன் கூறுவது முறையன்று. எனினும், வைத்தியரிடம் செல்லுமுன் யாவரும் அறிந்திருக்கத் தக்கவை சில உண்டு. அவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

இதயம் நான்கு அறைகளை உடையது. மேலே இரண்டு சோணையறைகள். கீழே இரண்டு இதயவறைகள். மேலறைகள் சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. கீழறைகள் சுருங்கி அதனை நுரையீரலுக்கும் உடலுக்கும் செலுத்துகின்றன. இவை முறை தவறாது அடுத்தடுத்து இயங்குவதற்கு ஒரு கட்டளை வேண்டும். அக்கட்டளை நுண்ணிய மின்னோட்டமாக இதயத்திலேயே பிறக்கின்றது.

மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும்பொழுது கல்லூரி மணியையே நான் உவமையாகக் கூறுவதுண்டு. வலது சோணையறையின் மேற்புறத்திலே குடாச் சோணைக் கணு என்னும் சிறிய இழையத்திரள் உள்ளது. அதுவே மணி அடிப்பவர். அவர் அடித்த ஓசை மேலறைகளெங்கும் பரவுகின்றது. ஆயின், நேரே கீழறைகளுக்குச் செல்ல இயலாது. இடையிலே சோணை இதயவறைக் கணு என்னும் அலுவலகம் இருக்கின்றது. அங்கே அச்செய்தி ஒரு செக்கனில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு நேரம் தாமதிக்கின்றது. அத்தாமதம் வீணானதன்று, மேலறைகள் தம்மிடமுள்ள குருதியைக் கீழறைகளுக்குக் கொடுத்து முடிப்பதற்கு வேண்டிய அவகாசம் அது. பின்னர் அச்செய்தி ஹிஸ் கட்டு, பேர்க்கிஞ்சி நார்கள் என்பவற்றின் வழியே கீழறைகளின் மூலைமுடுக்கெல்லாம் சென்று சேர்கின்றது.

இவ்வழியை மனிதன் கண்டறிந்தது ஒரே நாளிலன்று. 1839இல் செக் நாட்டறிஞர் பேர்க்கிஞ்சி அந்த நார்களைக் கண்டார். 1893இல் ஹிஸ் அவற்றிற்கு மேலுள்ள கட்டினைக் கண்டார். 1906இல் ஜேர்மனியிலே ஆய்வு செய்துகொண்டிருந்த தவாரா என்னும் ஜப்பானிய இளைஞர் நடுவேயுள்ள கணுவை விளக்கினார். மணி அடிப்பவர் மட்டும் மறைந்தே இருந்தார். அவரையும் 1907இல் ஸ்கொத்லாந்து நாட்டவரான கீத் என்பவரும், பிளாக் என்னும் மருத்துவ மாணவரும் உலகிற்கு அறிவித்தனர். அக்கணுவை அவர்கள் முதலிற் கண்டது அகழெலி ஒன்றின் இதயத்திலே! அறிவின் வழி கடைசியிலிருந்து முதலுக்குச் சென்றதை மாணவர்கள் கவனிப்பார்களாக.

இந்த மின்னோட்டத்தை வெளியிலிருந்தே வரைந்து காட்டும் கருவியைச் செம்மையாக அமைத்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன். அவர் பிறந்தது நமக்குக் கிழக்கேயுள்ள யாவாத் தீவிலே, 1860இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோகிறாம் நிறையுடையது. நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியபடி அமர்ந்திருக்க வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வைத்தியசாலைகளிலே 'ஈ.சீ.ஜீ.' என்ற பெயரில் சில நிமிடங்களில் எடுத்துத் தரப்படும் கோட்டுப்படம் அப்பெரியாரின் கொடையாகும்.

இனி, தாளம் தப்பும் வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது வகை என்னுடையது. ஏழு ஆண்டுகளுக்கு முன், பரீட்சை விடைத்தாள்கள் மேசையிற் குவிந்திருந்த காலம். உறக்கம் குறைவு, தேநீர் மிகுதி. இரவிலே இடப்புறமாகச் சாய்ந்து படுத்தால், நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். உடனே யாரோ உள்ளிருந்து ஓங்கி ஓர் அடி அடித்தாற் போலிருக்கும். நின்ற அந்த ஒரு கணத்திலே மனைவி மக்களின் முகங்கள் எல்லாம் கண்முன்னே வந்து செல்லும். உயிரியல் கற்பிப்பவன் என்ற பெருமை அந்த நள்ளிரவில் யாதொரு பயனும் தரவில்லை. பாடநூலிலுள்ள இதயம் வேறு. தன் நெஞ்சினுள் அடிக்கும் இதயம் வேறு.

வைத்தியர் ஈ.சீ.ஜீ. எடுத்தார், ஒரு நாள் முழுவதும் துடிப்புகளைப் பதிந்துகொள்ளும் சிறு கருவியொன்றையும் உடலிற் பொருத்தி அனுப்பினார், கேளா ஒலி அலைகளால் இதயத்தின் அமைப்பையும் பார்த்தார். யாவும் பார்த்த பின், "மாஸ்ரர், இது உங்களைப் பயப்படுத்தும், ஆனால் உங்களுக்குத் தீங்கு செய்யாது," என்றார். நிகழ்வது இதுதான். மணி அடிப்பவர் அடிக்குமுன் வேறோர் இடத்திலே துடுக்கான மாணவன் ஒருவன் முந்தி மணியை அடித்துவிடுகின்றான். அந்த முந்திய துடிப்பின்பொழுது இதயம் நிறையாதிருப்பதால் அது நமக்குப் புலப்படுவதில்லை. அதன்பின் ஒரு சிறு ஓய்வு. அவ்வோய்விலே வழக்கத்தினும் மிகுந்த குருதி வந்து நிறைகின்றது. ஆகவே அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கின்றது. நாம் 'நின்றுவிட்டது' என அஞ்சுவது அந்த ஓய்வை. 'இடித்தது' என உணர்வது வழமைக்குத் திரும்பிய நல்ல துடிப்பை. நலமான இதயமுடைய பலருக்கும் இவ்வாறு நிகழ்வதுண்டு. உறக்கமின்மை, கவலை, தேநீர், கோப்பி, மது, புகைத்தல் ஆகியவை இதனைப் பெருக்கும். எனினும், இதயநோய் உடையவர்க்கும், இதனோடு மயக்கமோ நெஞ்சுவலியோ காண்பவர்க்கும் இவ்வாறுதல் பொருந்தாது. அவர்கள் தாமதியாது சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

அன்று அவ்வைத்தியர் எனக்கு இன்னொன்றும் கற்பித்தார்: நாடி பார்த்தல். பெருவிரலின் அடியிலே, மணிக்கட்டின் மேல், சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு 60 முதல் 100 வரை இருத்தல் இயல்பு. எண்ணிக்கை மட்டுமன்றி ஒழுங்கையும் நோக்க வேண்டும். வாதம், பித்தம், கபம் என மூன்று விரல்களால் நாடியை ஆய்ந்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்வதே நாம் செய்ய வேண்டியது. 1707இல் இங்கிலாந்து வைத்தியர் புளோயர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதுபற்றி நூலும் எழுதினார்.

புதிதாகக் கற்ற வித்தையை வீட்டார்மேற் பயிலுதல் ஆசிரியர்க்கு இயல்பு. பிள்ளைகளின் நாடியைப் பார்த்தேன். மனைவியின் நாடியைப் பார்த்தேன். சில மாதங்களின் பின், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் நாடியையும் பார்த்தேன். விரல் வைத்த சில கணங்களிலேயே என் முகம் மாறியிருக்க வேண்டும். அத்துடிப்பு எந்தத் தாளத்திலும் அடங்குவதாயில்லை. இரண்டு விரைந்து வரும். ஒன்று தயங்கி வரும். ஒன்று வலிது, மற்றொன்று மெலிது. அம்மாவோ நோவென்று ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்கு நடந்து போகும்பொழுது இப்பொழுதெல்லாம் இருமுறை நிற்க வேண்டியிருக்கின்றது என்றார். அதனையும் வயதின் கணக்கிலேயே எழுதியிருந்தார்.

ஈ.சீ.ஜீ. அதனை உறுதிப்படுத்தியது: சோணையறை நடுக்கம். இஃது இரண்டாவது வகை. இங்கே மணி அடிப்பவரின் மணி எவர் காதிலும் விழுவதில்லை. மேலறைகளில் உள்ள இழையங்கள் யாவும் தத்தம் விருப்பப்படி நிமிடத்திற்கு 350 முதல் 600 முறை வரை கூச்சலிடுகின்றன. நடுவேயுள்ள அலுவலகம் அக்கூச்சலிற் சிலவற்றை மட்டுமே, அதுவும் ஒழுங்கின்றி, கீழே அனுப்புகின்றது. வயது முதிர்வு, உயர் குருதி அமுக்கம், வால்வு நோய், தைரொயிட் சுரப்பியின் மிகைத் தொழில், அளவிறந்த மது முதலியன இதற்குக் காரணமாகலாம்.

இதன் பெருந்தீங்கு துடிப்பின் ஒழுங்கீனத்தில் மட்டும் இல்லை. மேலறைகள் நன்கு சுருங்காது வெறுமனே நடுங்குவதால் அவற்றின் மூலையிலே, சிறப்பாக இடது சோணையறையின் பை போன்ற பகுதியிலே, குருதி தேங்குகின்றது. தேங்கிய குருதி உறைகின்றது. அவ்வுறைகட்டி ஒருநாள் புறப்பட்டு மூளையின் நாடியொன்றை அடைத்தால், அதுவே பாரிசவாதம். இந்நடுக்கம் உடையவர்க்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பர். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து அவ்வாய்ப்பினை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைக்கும்.

வைத்தியர் 'வார்பரின்' என்னும் குளிசையை எழுதினார். அம்மருந்தின் வரலாறு விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவிலே கெட்டுப்போன தீவனப் புல்லை உண்ட மாடுகள் குருதி பெருகி இறந்தன. அப்புல்லில் இருந்த பொருளை ஆராய்ந்ததன் பயனாக 1948இல் எலிகளைக் கொல்லும் மருந்தாக வார்பரின் வெளிவந்தது. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. இவ்வரலாறு எங்ஙனமோ அம்மாவின் காதிற்கு எட்டிவிட்டது. அயலவர் ஒருவர் இம்மருந்தால் மூக்கிலிருந்து குருதி வடிந்து வைத்தியசாலைக்குச் சென்ற கதையும் உடன் வந்தது. அம்மா குளிசையை மேசையில் வைத்துவிட்டு, "நோகாத வருத்தத்துக்கு என்னத்துக்குத் தம்பி மருந்து?" என்றார்.

அக்கேள்வி அறியாமையிற் பிறந்ததன்று. மருந்தினாலும் ஆபத்து உண்டு. மருந்தின்மையாலும் ஆபத்து உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றையது தெரியாதது. வயது முதிர்ந்தவரின் உடலுக்கு உரியவர் அவரே. அவரை வற்புறுத்துவது எனக்குத் தகுதியாகத் தோன்றவில்லை. ஆகவே, சோணையறையையும் உறைகட்டியையும் ஒரு தாளில் வரைந்து, மாணவர்க்குச் சொல்வதுபோல அவருக்கும் சொன்னேன். அம்மா நெடுநேரம் அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தமையனார் பாரிசவாதத்தால் நான்கு ஆண்டுகள் பேச்சின்றிக் கிடந்தவர். அவருக்குக் கரண்டியாற் கஞ்சி பருக்கியவர் அம்மாவே. "அண்ணருக்கும் இப்படித்தான் வந்ததோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நாடியை அந்நாளில் எவரும் பார்த்ததாக நினைவில்லை. அம்மா எழுந்து சென்று தண்ணீர் எடுத்து வந்து குளிசையை விழுங்கினார்.

ஆறு ஆண்டுகளாக அவர் அதனை உட்கொண்டு வருகின்றார். இம்மருந்து எடுப்போர் குறித்த காலத்திற்கொருமுறை கிளினிக்கிற்குச் சென்று குருதியின் உறைதன்மையைச் சோதித்தல் வேண்டும். அம்மாவைப் போன்றவர்க்கு அவ்வளவு 2க்கும் 3க்கும் இடையே நிற்றல் நன்று. வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி போன்ற கீரைகளிலுள்ள உயிர்ச்சத்து 'கே' இம்மருந்தின் வலுவைக் குறைக்கும். அதனாற் கீரையை விலக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கிழமை நிறைய உண்டு, மறு கிழமை முற்றாக விடாமல், ஒரே அளவாக உண்ண வேண்டும். நோவுக்குளிசைகளையும் நாட்டு மருந்துகளையும் வைத்தியரைக் கேளாது சேர்த்தலாகாது. பல் பிடுங்கச் சென்றாலும் இம்மருந்தைப்பற்றி முதலிற் கூறல் வேண்டும். இத்துணைச் சோதனை வேண்டாத புதிய மருந்துகளும் இன்று உள்ளன. யாருக்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிப்பர்.

மூன்றாவது வகை, வயது குறைந்தவர்களிடத்தும் காணப்படுவது. இதயத்தினுள் மேலதிகமான ஒரு மின்வழி இருப்பின், செய்தி அதிற் சென்று வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். விளக்கை ஏற்றியதுபோல நாடி திடீரென 150, 200 என ஏறும். அணைத்ததுபோலத் திடீரென நிற்கும். மூச்சை அடக்கி முக்குதலால் இஃது அடங்குவதுண்டு. அம்முறையை வைத்தியர் கற்பிப்பர். அடிக்கடி வருமாயின், நாளத்தின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி அந்த வேண்டாத வழியைச் சுட்டு அழிக்கலாம். பெரும்பாலானோர்க்கு அத்துடன் நோய் தீர்ந்துவிடுகின்றது. பரீட்சை அச்சம் என்று பிள்ளைகளின் படபடப்பைத் தள்ளிவிடும் பெற்றோர், அது எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிகின்றது என்பதை ஒருமுறை கேட்டறிதல் நன்று.

நான்காவது வகையில் நடுவேயுள்ள அலுவலகமே மூடப்படுகின்றது. மேலிருந்து செய்தி வாராமையாற் கீழறைகள் தாமே நிமிடத்திற்கு முப்பது, நாற்பது முறை மெல்லத் துடிக்கின்றன. மூளைக்குக் குருதி போதாமல் மனிதர் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவர். சுவீடன் நாட்டவரான ஆர்னே லார்சன் இவ்வாறு நாளொன்றில் இருபது, முப்பது முறை மயங்கினார். அவருடைய மனைவி, எல்ம்குவிஸ்ற் என்னும் பொறியியலாளரையும், சென்னிங் என்னும் சத்திர சிகிச்சை நிபுணரையும் விடாது வேண்டினார். சப்பாத்து மைப் பேணியை அச்சாகக்கொண்டு வார்க்கப்பட்ட துடிப்புக் கருவி, 1958 ஒக்ரோபர் 8ஆந் திகதி லார்சனின் உடலினுள் வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே உழைத்தது. இரண்டாவது கருவி வைக்கப்பட்டது. அன்று 43 வயதினராயிருந்த லார்சன் மொத்தம் 26 கருவிகளுடன் வாழ்ந்து, 86ஆவது வயதில், 2001இல், இதயத்தோடு தொடர்பில்லாத நோயால் இறந்தார். கருவி செய்தவரும், அதனைப் பொருத்தியவரும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர். ஒரு மனைவியின் பிடிவாதம் உலகெங்கும் எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கின்றது!

இறுதி வகை கொடியது. மேலறைகளிற் கண்ட அந்த நடுக்கம் கீழறைகளில் வந்தால் குருதியோட்டம் அப்பொழுதே நின்றுவிடும். 2021 யூன் 12ஆந் திகதி கோப்பன்ஹேகன் நகரிலே உதைபந்தாட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் எரிக்சன் விழுந்ததை உலகம் முழுவதும் பார்த்தது. அருகிலிருந்தோர் உடனே அவர் நெஞ்சை அமுக்கினர்; மின்னதிர்ச்சி கொடுத்தனர்; அவர் எழுந்தார்; மறு ஆண்டே மீண்டும் ஆடினார். ஒருவர் விழுந்து, அழைத்தும் உணர்வின்றி, இயல்பான மூச்சுமின்றிக் கிடப்பாராயின், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்றலாகாது. நம் நாட்டில் 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். அது வரும்வரை, நெஞ்சின் நடுவிலே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் ஆழமாக, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, விடாது அமுக்க வேண்டும். இதயம் தாளத்தை மறந்த வேளையில் அத்தாளத்தைக் காப்பவை அயலில் நிற்பவரின் கைகளே. எங்கள் மாணவர் சிலர் முதலுதவி வகுப்பில் இதனைப் பயின்றிருக்கின்றனர். பரீட்சையில் இதற்குப் புள்ளி இல்லை. ஆயினும், கற்ற பாடங்களில் ஓர் உயிரை மீட்கும் பாடம் எது என்று கேட்டால் இதனையே நான் காட்டுவேன்.

என்னை அச்சுறுத்திய துடிப்பு தீங்கற்றதாயிருந்தது. அம்மாவை நோகச் செய்யாத துடிப்போ தீங்குடையதாயிருந்தது. ஆதலால், இதயத்தின் செய்தியில் அச்சத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது; நோவின்மையையும் நலமெனக் கொள்ளலாகாது. அளக்க வேண்டியது விரலும் கடிகாரமும். தெளிவிக்க வேண்டியது ஈ.சீ.ஜீ.; தீர்மானிக்க வேண்டியது வைத்தியரும் நோயாளியும் கூடி.

வாசகர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் அருகில் அமருங்கள். அவர் கையை எடுத்து, ஒரு நிமிடம் நாடியைப் பாருங்கள். ஒழுங்காயிருந்தால், அந்த ஒரு நிமிடம் அவர் கையைப் பற்றியிருந்த பயன் உங்களுக்கு உண்டு. ஒழுங்கின்றி இருந்தால், நாளையே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். எவ்வழியாலும் அந்த நிமிடம் வீண்போகாது.